செத்தவருக்குச் சங்கம் இருக்கிறது, பிழைத்தவருக்கு?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், இளைஞர் அணியினருக்கான ஒருநாள் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. அதைப் பேச இந்த மேடையில் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். நாம் பேசப் போவது ரோட்டில் அடிபட்டு உயிர் தப்பியவர்களைப் பற்றி.

மரண உதவிச் சங்கம் இல்லாத தோட்டம் ஒன்றைக் காட்டுங்கள் என்றால், இங்கே இருக்கிற யாராலும் காட்ட முடியாது. மாதா மாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு கட்டுகிறோம். இழவு விழுந்தால் பெட்டி வந்துவிடும், பந்தல் வந்துவிடும், கதிரை வந்துவிடும், தேத்தண்ணிக்குச் சீனி வந்துவிடும். அன்றைக்கு அந்தக் கணக்கில் யாரும் மலைக்குப் போகமாட்டார்கள். குழி வெட்டப் பத்துப் பேர் சொல்லாமலே போய் நிற்பார்கள். இது நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்து ஒழுங்கு. கடல் கடந்து வந்தவர்களுக்குச் செத்தால் தூக்க நாலு பேர் வேண்டும் என்ற பயத்தில் உண்டான ஒழுங்கு. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் பஸ் கவிழ்ந்து, தொடை எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்து வீட்டுக்கு வருகிற ஆளுக்கு நம்மிடம் என்ன ஒழுங்கு இருக்கிறது? ஓறஞ்பார்லி பக்கெட்டும் ஹோர்லிக்ஸ் போத்தலும் கொண்டுபோய்ப் பார்க்கிறோம். முதல் வாரம் லயமே வந்து பார்க்கும். இரண்டாவது வாரம் பக்கத்துக் காம்பிரா மட்டும் பார்க்கும். மூன்றாவது வாரத்திலிருந்து அந்த வீட்டாள்தான், அந்த வீட்டுப் பிள்ளைதான்.

மலையக ரோட்டு விபத்துகளை நாம் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். 2021 மார்ச் மாதம் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்தது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லைக் குறுக்கு வீதியில் பாடசாலைப் பிள்ளைகள் வந்த பஸ் வண்டி வேனிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை நமக்குத் தெரிகிறது. காயப்பட்டவர்களைப் பற்றிப் பேப்பரில் "மேலும் பலர்" என்று ஒரு வரி வரும். அந்தப் பலர் இப்போது எங்கே இருக்கிறார்கள், நடக்கிறார்களா, வேலைக்குப் போகிறார்களா என்று யாரும் எழுதுவதில்லை. இந்த நாட்டில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் ரோட்டில் சாகிறார்கள். அதைவிடப் பல மடங்கு பேர் உடைந்து பிழைக்கிறார்கள்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எங்களுக்கு இந்தக் கணக்கு வேறு விதமாகத் தெரியவரும். வரவு இடாப்பில் தெரியும். ஒழுங்காக வந்துகொண்டிருந்த பிள்ளை, பெரும்பாலும் பெண்பிள்ளை, தொடர்ந்து பத்து நாள் வராது. விசாரித்தால் "அம்மாவுக்குக் கால் ஒடிஞ்சிருச்சு சேர்" என்று தம்பி வந்து சொல்லும். அடிபட்டது தாய். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது மகள்.

நாங்கள் கூட இருந்து பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். ஆளின் பெயரும் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். தூரத்து மலைக்குக் கொழுந்து எடுக்கப் பெண்களை டிரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வளைவில் பெட்டி சரிந்தது. ஒரு சகோதரிக்குத் தொடை எலும்பு முறிவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஐந்து சதம் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் இந்த நாட்டின் இலவச வைத்தியத்தை நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

லயத்துக் காம்பிராவிலிருந்து கக்கூசுக்கு முப்பதுக்கு மேல் படி இறங்க வேண்டும். படி என்றால் கல்லை அடுக்கி வைத்த படி, மழைக்கு வழுக்கும். அந்தச் சகோதரி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். குடித்தால் போக வேண்டுமே! புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறவர், ஒரு கிழமை லீவு போட்டு வந்தார், மறுபடி போனார். போகாவிட்டால் அடுப்பு எரியாது. பத்தாம் வகுப்புப் படித்த மகள் தாயைப் பார்த்துக்கொண்டாள். கிளினிக்குக்கு ஓட்டோ பிடித்துப் போய்வரக் கையில் காசில்லாமல் இரண்டு தவணை தவறிவிட்டது. முழங்கால் மடங்காமல் இறுகிப்போனது. டிரக்டர் தங்களுடையது இல்லை, கொந்தராத்துக்காரருடையது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சங்கத்துக்கு விஷயம் முறையாக வந்து சேர்ந்தபோது எட்டு மாதம் போயிருந்தது. நட்டஈட்டுக்கு விண்ணப்பம் போட்டு ஓரளவு காசு கிடைத்தது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு வரவில்லை. இன்றைக்கு ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள்.

எலும்பு ஒட்டிவிட்டது. வீடுதான் ஒட்டவில்லை. இதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. அடிபட்ட இடத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் இந்திய உதவியோடு தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்த சேவை. காசு இல்லை. வண்டியில் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் இருப்பார். ஆனால் நம்முடைய பிரச்சினை வேறு. நாம் "மேக்கணக்கு, பத்தாம் நம்பர் மலைக்குக் கீழே" என்று சொல்வோம். கொழும்பில் போனை எடுக்கிறவருக்கு மேக்கணக்கு என்றால் என்ன தெரியும்? நம்முடைய வாயில் தோட்டத்துக்கு ஒரு பெயர், கம்பனிப் பதிவில் வேறொரு பெயர், ரோட்டுப் பலகையில் இன்னொரு பெயர். ஆகவே ஒவ்வொரு கணக்கிலும், கோயில் சுவரிலும் பிரட்டுக் களத்திலும் பிள்ளை மடுவத்திலும், ஒரு அட்டை ஒட்ட வேண்டும். தோட்டத்தின் பதிவுப் பெயர், பிரிவின் பெயர், கிட்டிய டவுன், பிரதான வீதியில் கிலோமீற்றர் கல், அம்புலன்ஸ் எந்தச் சந்திவரை வரமுடியும் என்பது. போன் எடுக்கிறவர் பதற்றத்தில் அதைப் பார்த்து வாசித்தால் போதும். இதற்கு ஒரு துண்டு காட்போட்டும் ஒரு பேனையும்தான் செலவு.

சந்திவரை என்று ஏன் சொல்கிறோம் என்றால், நமது தோட்டத்து ரோட்டில் பல இடங்களில் அம்புலன்ஸ் ஏறாது. ஆளைச் சந்திக்குக் கொண்டுவர வேண்டியது நாம்தான். நாம் என்ன செய்கிறோம்? இரண்டு பேர் கையைப் பிடித்து, இரண்டு பேர் காலைப் பிடித்துத் தூக்கி, ஓட்டோவின் பின்சீட்டில் மடக்கித் திணிக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலில் உள்ளே இருக்கிற நரம்பு வெட்டுப்படலாம். ஆயுளுக்கும் கால் வராமல் போகலாம். வாகனம் தீப்பிடிக்கும், மேலும் சரியும் என்ற பயம் இருந்தால் இழுத்துத்தான் ஆக வேண்டும். அப்படி இல்லையென்றால் தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி, ஒருவர் தலையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, நாலு பேர் சேர்ந்து பலகையில் ஏற்ற வேண்டும். பலகை இல்லையென்றால் கதவைக் கழற்றுங்கள். கம்பளியில் இரண்டு கம்பு கோத்துத் தூக்குவது நமக்குப் பழைய பழக்கம். கால் கை முறிவுக்கு அது போதும். முதுகு, கழுத்து அடிக்குத் தட்டையான பலகைதான் வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு ஸ்ட்ரெச்சர் இருக்கிறதா, இருந்தால் அது எந்த அறையில் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்பதை இந்தக் கிழமையே போய்ப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்குச் சாவி யாரிடம் என்பதையும் கேளுங்கள்.

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கோப்பித்தூள், மண், வெற்றிலைச்சாறு எதுவும் வேண்டாம். தண்ணியோ தேத்தண்ணியோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது. அரை மயக்கத்தில் குடித்தால் மூச்சுக்குழலில் போகும். இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். வலிக்கு என்று ஒரு வாய் சாராயம் ஊற்றுகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. தலையில் அடிபட்ட ஆளுக்கு அது உயிராபத்து. அதோடு, ஆஸ்பத்திரியில் "மது வாடை" என்று எழுதிவிட்டால் பிறகு நட்டஈடு கேட்கிற இடத்தில் எதிர்த்தரப்புக்கு நாமே கொடுத்த ஆயுதம் அது.

தலையில் அடிபட்டு "ஒண்ணுமில்லை" என்று எழும்பி நடக்கிறவரை வீட்டுக்கு விட்டுவிடாதீர்கள். அன்றும் மறுநாளும் ஒருவர் கூட இருந்து பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழும்பாத தூக்கம், பேச்சு உளறல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிதல், இதில் எதுவாவது இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்தது கடதாசி. தமிழில் நமக்குப் பிடிக்காத ஒரே பாடம் இதுதான், ஆனாலும் கேளுங்கள்.

விபத்து என்றால் பொலிஸ் முறைப்பாடு இருக்க வேண்டும். பொலிஸ் கொடுக்கிற படிவத்தின்படி ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பார்த்து எழுதுவார். அந்த அறிக்கைதான் பிறகு வழக்கிலும் நட்டஈட்டிலும் நமக்காகப் பேசும். ஆகவே வார்டிலிருந்து டிக்கட் வெட்டுவதற்கு முன் சட்ட வைத்திய அதிகாரி பார்த்தாரா என்று கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் மொழி தெரிந்த ஒருவர் வரும்வரை பொறுங்கள். வார்டில் கொடுக்கிற டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்துத் துண்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தலைவரின் போனிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்துக் கூரை ஒழுகும். எக்ஸ்ரே நனைந்து போனவர்கள் எத்தனை பேர் என்று இங்கேயே கை தூக்கச் சொல்லலாம்.

ரோட்டு ஓரத்தில் வைத்துப் பேசி முடிப்பது என்று ஒன்று இருக்கிறது. வாகனக்காரர் இருபதாயிரம், முப்பதாயிரம் கையில் வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் "எனக்கு முறைப்பாடு இல்லை" என்று எழுதி வாங்கிக்கொள்வார். அந்த நேரத்தில் முப்பதாயிரம் பெரிய காசுதான். மூன்று மாதத்தில் கிளினிக் ஓட்டோக் கூலிக்கே அது பற்றாது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். வாகன இலக்கத்தையும் காப்புறுதிக் கம்பனியின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். சிவில் வழக்குப் போடுவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதற்குப் பிறகு எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிவிடும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் காரியாலயத்துக்குப் போகலாம். இடித்துவிட்டு நிற்காமல் ஓடிய வாகனம் என்றால் அதோடு எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் அப்படிப்பட்டவர்களுக்கு நட்டஈடு கேட்கலாம். அதற்கும் பொலிஸ் முறைப்பாடுதான் அடிப்படை.

வேலையோடு சேர்ந்த விபத்தாக இருந்தால், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மலையில் வழுக்கி விழுந்தால்தான் அது பொருந்தும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொழுந்து லொறியில், டிரக்டர் பெட்டியில் நிர்வாகம் ஏற்றிக்கொண்டு போகும்போது நடந்தாலும் அது வேலை விபத்துத்தான். 2022இல் கொண்டுவந்த திருத்தத்தின் பிறகு வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கிற விபத்தும் அதற்குள் வருகிறது. உச்சவரம்பு 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. கொழும்பில் கடைகளில், கட்டட வேலையில் நிற்கிற நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அந்தச் செய்தியை லீவுக்கு வருகிற பையன்களுக்குச் சொல்லுங்கள். வேலை செய்ய முடியாமல் தற்காலிகமாகப் படுத்திருக்கிற காலத்துக்கும் இந்தச் சட்டத்தில் கொடுப்பனவு உண்டு, கையோ காலோ நிரந்தரமாகப் போனால்தான் என்று இல்லை. டிரக்டர் கொந்தராத்துக்காரருடையது என்று சொல்லிக் கைகழுவ விடக்கூடாது. அன்றைக்கு அந்த ஆளுக்கு யார் பேர் போட்டார்கள், எந்த மலைக்கு யார் அனுப்பினார்கள் என்பதுதான் கேள்வி. கைக்காசுக்குப் போகிறவர்கள் "எங்களுக்கு எங்கே கிடைக்கும்" என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் சாட்சி அதிகம் தேவை. செக்ரோல் பக்கத்தின் போட்டோ, கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர், திகதி, நேரம். இதை அந்த வாரமே எழுதி வையுங்கள். எட்டு மாதம் கழித்துக் கேட்டால் கங்காணிக்கும் ஞாபகம் இருக்காது, இருந்தாலும் ஞாபகம் இல்லை என்பார்.

நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவருக்கு ஊழியர் சேமலாப நிதியையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தையும் ஓய்வு வயதுவரை காத்திராமல் கேட்க வழியுண்டு. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவுக்கும் பதியலாம். கிராம உத்தியோகத்தர் நம் லயத்துக்கு வந்து கேட்டு எழுதிக்கொண்டு போவார் என்று காத்திருக்க வேண்டாம், நாமே கூட்டிக்கொண்டு போவோம்.

இப்போது வீட்டுக்கு வருவோம். உண்மையில் நாம் அதிகம் பேச வேண்டியது இதைத்தான்.

எலும்பு முறிந்து வந்தவருக்கு லயத்தில் கிடைக்கிற முதல் புத்திமதி "அசையாமப் படு" என்பது. அது பாதிதான் சரி. எந்தக் கால் தரையில் ஊன்றக் கூடாது, எத்தனை கிழமைக்கு, எந்த மூட்டை இன்றைக்கே மடக்கி நீட்டிப் பழக வேண்டும் என்பதை வார்டில் இருக்கிற பிசியோதெரபி ஆட்களிடம் கேட்டு, செய்து காட்டச் சொல்லி, வீட்டாள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வர வேண்டும். அவர்கள் சொன்ன பயிற்சியைச் செய்யாமல் பயந்து படுத்திருந்தால் எலும்பு ஒட்டும், மூட்டு பூட்டிக்கொள்ளும். கொழுந்து எடுக்கிறவருக்கு மடங்காத முழங்கால் என்றால் சரிவில் நிற்கவே முடியாது. படுத்திருக்கிறவரின் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், அல்லது மூச்சு வாங்கினால், அது இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே கொண்டுபோக வேண்டும். கம்பி போட்ட இடத்தில் சீழ், காய்ச்சல் என்றாலும் அப்படித்தான். எண்ணெய் போட்டுக் கட்டுகிறவரிடம் போவதா என்று கேட்பீர்கள். நாட்டு வைத்தியத்தை இங்கே யாரும் இழிவாகப் பேச வரவில்லை. ஆனால் உள்ளே கம்பியும் பிளேட்டும் வைத்திருக்கிற காலை உருவித் தேய்க்க விடாதீர்கள்.

முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வருகிறவர்களின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது படுக்கைப்புண்ணும் மூத்திரக் கிருமியும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். குதிகால், இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி சிவக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். உணர்வில்லாததால் அவருக்கு வலிக்காது, நம் கண்தான் அவருடைய வலி. இப்படிப்பட்டவர்களுக்கென்றே ராகமையிலும் கண்டிக்குப் பக்கத்தில் திகனையிலும் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் ஏறி இறங்க, தன் வேலையைத் தானே பார்க்க அங்கே பழக்குவார்கள். அங்கே அனுப்ப முடியுமா என்று கிளினிக்கில் கேட்க வேண்டும். கேட்காமல் வீட்டில் ஒரு மூலையில் கிடத்திய ஆட்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். கால் எடுக்கப்பட்டவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் கொழும்பு பிரெண்ட் இன் நீட் சொசைட்டி மாதிரி இடங்களும் உண்டு.

கக்கூஸ் விஷயம் சின்ன விஷயம் இல்லை என்று முதலே சொன்னோம். ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, கீழே மூடி போட்ட வாளி ஒன்றை வைத்தால் வேலை முடிந்தது. தோட்டத்துத் தச்சர் அரை மணித்தியாலத்தில் செய்து தருவார். அதைச் செய்து கொடுத்திருந்தால் அந்தச் சகோதரி தண்ணீர் குடித்திருப்பார்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டை சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும், பருப்பு வாயு, மீன் ஆகாது என்று பத்தியம் சொல்கிறவர்கள் எல்லா லயத்திலும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் பாவம், கேட்டதைச் சொல்கிறார்கள். ஆனால் எலும்பும் சதையும் ஒட்ட வேண்டுமென்றால் முட்டையும் பருப்பும் நெத்தலியும் கீரையும்தான் வேண்டும். டொக்டர் வேண்டாமென்று சொன்னதை மட்டும் நிறுத்துங்கள். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு எலும்பு ஒட்டாது.

தலையில் அடிபட்டுத் திரும்பிய சிலர் வெளிக்கு நன்றாக இருப்பார்கள். ஆனால் சட்டென்று கோபம் வரும், சொன்னது மறந்துபோகும், வேலையில் கவனம் நிற்காது, பிள்ளைகளை அடிப்பார்கள். "குணம் மாறிட்டான்" என்கிறோம், பேய் என்கிறோம், பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போகிறோம். அது மூளையில் பட்ட அடியின் மிச்சமாக இருக்கலாம். கிளினிக்கில் மறக்காமல் இதைச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஏறவே பயப்படுகிறவர்கள், இரவில் கத்தி எழும்புகிறவர்கள், கூட வந்தவர் செத்துத் தான் பிழைத்ததை நினைத்து யாரோடும் பேசாமல் இருக்கிறவர்கள், இவர்களுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் இருக்கிறது. அங்கே போவது பைத்தியம் என்று அர்த்தம் இல்லை.

இவ்வளவையும் ஒரு வீடு தனியாகச் செய்யுமா? செய்யாது. பதினாலு வயதுப் பிள்ளை செய்யுமா? செய்ய வைக்கிறோம், அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் முன் வைக்கிற யோசனை இதுதான். மரண உதவிச் சங்கத்தில் கை வைக்க வேண்டாம். "அது செத்தவன் காசு, அதைத் தொடக்கூடாது" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், அந்தப் பேச்சுக்கு மரியாதை கொடுப்போம். அதே வீடுகள், அதே வசூல் நாள், அதே கணக்குக் கொப்பி, அதில் இன்னொரு பக்கம் திறப்போம். வீட்டுக்கு மாதம் எவ்வளவு என்பதை அந்தந்தத் தோட்டம் தீர்மானிக்கட்டும். காயப்பட்டவர் உதவி நிதி என்று பெயர் வைத்தாலும் சரி, வேறு பெயர் வைத்தாலும் சரி. அந்தக் காசு மூன்று செலவுக்கு மட்டும் போக வேண்டும்: கிளினிக்குக்குப் போய்வர வாகனக் கூலி, முதல் இரண்டு மாதம் வீட்டுக்குச் சாமான், ஊன்றுகோலோ கதிரையோ மாதிரி வாங்க வேண்டிய பொருள். கையில் காசாகக் கொடுப்பதைவிட ஓட்டோக்காரருக்கும் கடைக்கும் நேராகக் கட்டுவது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். காரணம் கேட்காதீர்கள், எல்லோருக்கும் தெரியும்.

காசைவிட முக்கியம் ஆள். இழவு வீட்டுக்குப் பத்துப் பேர் குழி வெட்டப் போகிறோமே, அந்த முறையிலேயே ஆள் பிரிப்போம். மாதர் சங்கத் தலைவி ஒரு பட்டியல் போடட்டும். வேலைக்குப் போகாத பாட்டிமார், ஓய்வு பெற்ற தாத்தாமார், மாலையில் வீட்டுக்கு வந்துவிட்ட வாலிபர்கள். பள்ளிக்கூட நேரத்தில் நோயாளியோடு ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அதுதான் ஒரே விதி. பிள்ளை காலையில் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட வேண்டும். வரவு இடாப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடிபட்ட வீட்டுப் பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் ஆசிரியர்கள் தலைவிக்குச் சொல்வோம். இது பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்களோடும் பேசி ஒத்துக்கொண்ட விஷயம்.

ஒரு பயம் இருக்கிறது, அதையும் பேசிவிடுவோம். நாமே நிதி சேர்த்துப் பார்த்துக்கொண்டால் கம்பனி "அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்" என்று ஒதுங்கிவிடாதா? ஒதுங்கப் பார்க்கும். அதனால்தான் நிதிக் கொப்பியிலேயே இரண்டாவது பக்கமாகக் கோரிக்கைப் பக்கம் ஒன்று இருக்க வேண்டும் என்கிறோம். வேலை விபத்து என்றால் நட்டஈட்டு விண்ணப்பம் எந்தத் திகதியில் போட்டோம், துரைக்கு எழுதிய கடிதத்தின் பிரதி எங்கே, பதில் வந்ததா? முதல் உதவிப் பணம் கொடுக்கும் முன் அந்தக் கடிதம் போயிருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர், முதலுதவிப் பெட்டி, ஆட்களை ஏற்றிப்போக இருக்கையும் தடுப்பும் உள்ள வாகனம், ஆபத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரவிலும் தோட்டத்து வாகனம், இவை நிர்வாகத்தின் கடமை. இவற்றுக்கு நம் நிதியிலிருந்து ஒரு சதமும் போகக் கூடாது. வேலைக்குத் திரும்புகிறவருக்குச் சில மாதம் சரிவில்லாத மலை, பிள்ளை மடுவம், தவறணை, ஸ்டோர் வேலை மாதிரி இலகு வேலை கேட்பதும் அந்தக் கோரிக்கைப் பக்கத்தில் வர வேண்டும். முதல் நாளே பழைய கிலோவைக் கேட்டால் அவர் மறுபடி விழுவார்.

தேத்தண்ணிக்குப் பிறகு தோட்டம் தோட்டமாகப் பிரிந்து உட்காருங்கள். ஒவ்வொரு மேசையிலும் மூன்று தாள் வைத்திருக்கிறோம். முதலாவது, 1990க்குச் சொல்ல வேண்டிய இட விபர அட்டை, அதை இங்கேயே நிரப்புங்கள். இரண்டாவது, கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் தோட்டத்தில் ரோட்டு விபத்தில் காயப்பட்டு இன்னும் வேலைக்குத் திரும்பாதவர்களின் பட்டியல். இரண்டு வருடம் என்று ஏன் போட்டோம் என்று உங்களுக்கு இப்போது தெரியும், வழக்குப் போட நாள் மிச்சமிருக்கிறவர்களை முதலில் பிடிக்க வேண்டும். மூன்றாவது, நிதிக்கான தீர்மானத்தின் நகல். அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பொதுக் கூட்டத்தில் வாசித்து, கூட்டிக் குறைத்து, கையெழுத்தோடு அடுத்த மாவட்டக் கமிட்டிக்குக் கொண்டுவாருங்கள். பட்டியலை மட்டும் இன்றைக்கே எங்களிடம் தந்துவிட்டுப் போங்கள்.